நாலடி பின்னால்

ஆறாவது போல்ட் அசையவில்லை. அவள் ஸ்பேனரின் மேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றாள். துக்கம் கேட்க வந்த இரண்டு பெண்கள், செத்துப்போனவளின் மகள் வாசலில் வண்டிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த துக்கத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

"அம்மா உள்ள இருக்காங்க" என்றாள் அவள், நிமிராமலேயே. அம்மா அடுப்படியில் வேலையாக இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்கிற மாதிரி இருந்தது சொன்ன விதம். பெண்கள் உள்ளே போன பிறகுதான் போல்ட் கிறீச்சென்று வழிக்கு வந்தது.

மணி பத்தரை. அடக்கம் மூன்று மணிக்கு. அம்மா நேற்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். கல்லறைத் தோட்டம் மேட்டுக் குடியிருப்பை ஒட்டி, செங்குத்தான மண் ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. இரண்டு நாளாகப் பெய்த மழையில் அந்த ஏற்றம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அதனால் பெரியப்பா எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டார். வாடகைக்குப் பேசிய சவ வண்டி ஏற்றத்தின் அடி வரை வரும். அங்கிருந்து அவருடைய லாரி ஆட்கள் எட்டுப் பேர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.

"வேண்டாம்" என்று காலையிலேயே அவள் சொல்லியிருந்தாள். "அம்மா அம்மாவோட வண்டியில போவாங்க. நான் ஓட்டுறேன்."

"எதுக்கு? அதே இடத்துல இன்னொரு தடவ கவுத்துப் போடவா?" என்றார் பெரியப்பா.

வீடு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தையல்காரர். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பழகியவர் என்பதால் ஊசி இல்லாதபோதும் வாய் திறப்பதில்லை. அவள் உள்ளே போய் அம்மாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஜாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

அம்மாவை மேட்டுக் குடியிருப்பில் எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஆறேகாலுக்கு மேலேயிருந்து பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு இறங்குவாள். பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், பேக்கரிக்குப் போகிறவர்கள். சாயங்காலம் அதே பதினேழு பேரை மேலே கொண்டுபோய் விடுவாள். பதினோரு வருஷம். போன வருஷம்தான் பழைய வண்டி துருப்பிடித்துப் போனதென்று இந்த வண்டியை வாங்கினாள். இதுவும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். ஒரே ஒரு வித்தியாசம். பழைய வண்டியில் ஏற்றத்துக்கு முன்னால் இறங்கி, முன்சக்கரம் இரண்டிலும் நடுவில் இருக்கும் குமிழைக் கையால் 'லாக்'கில் திருப்பிவிட்டு ஏற வேண்டும்; அப்போதுதான் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். புது வண்டியில் அந்த வேலை இல்லை. உள்ளே இருந்து லீவரைப் போட்டால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் தானாகவே அச்சைக் கவ்விக்கொள்ளும். ஆட்டோ ஹப். மழையில் இறங்க வேண்டாம், சேற்றில் கை வைக்க வேண்டாம் என்று விற்றவன் சொன்னான். அம்மாவுக்கும் அது பெரிய சௌகரியமாகத்தான் பட்டது.

வாங்கிய நாலாவது மாதம், ஒரு மழை நாளில், ஏற்றத்தின் பாதியில் வண்டி பிடிப்பு விட்டுச் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. நல்லவேளையாக வண்டியில் அம்மா மட்டும்தான் இருந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. எதிரே இறங்கி வந்த லாரியை நிறுத்திவிட்டு ஓடிப்போய், அம்மாவைத் தன் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தது பெரியப்பாதான். அதை யாரும் மறுக்க முடியாது; அவரும் யாரையும் மறக்க விட்டதில்லை.

"நான் தப்பு எதுவும் பண்ணல. டக்குனு சத்தம் கேட்டுச்சு. முன்னாடி சக்கரம் விட்டுருச்சு" என்றாள் அம்மா ஆஸ்பத்திரியில்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் பெரியப்பா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

நாலு மாதம் கழித்து அம்மா எழுந்து நடந்தாள், கையில் தடியோடு. வண்டியை நிமிர்த்தித் தகரம் தட்டி ஓட வைத்தாள். வெயில் காலத்தில், ஏற்றம் கல்லாகக் காய்ந்திருந்த நாட்களில், ஆறேகாலுக்கு மேலே போய் ஹார்ன் அடித்தாள். யாரும் ஏறவில்லை. பதினேழு பேரும் வேறு வழி தேடிக்கொண்டுவிட்டார்கள், பாதிப் பேர் நடந்தே இறங்கினார்கள். மூன்று வாரம் அம்மா காலி வண்டியோடு ஏறி, காலி வண்டியோடு இறங்கினாள். அதற்குப் பிறகுதான் ஒருநாள், "நம்ம கடையில கையால திருப்புற ஹப்பு கிடைக்குமா?" என்று மகளிடம் கேட்டாள்.

அவள் பேரிங் கடையில் பில் போடுகிறவள். எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவாள். ஆனால் அதுவரை கையில் கிரீஸ் பட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தடியால் சுட்டிக்காட்ட, அவள் கழற்ற, இடது பக்கத்து ஆட்டோ ஹப் வெளியே வந்து புது ஹப் உள்ளே போனது. கழற்றியதை இருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

"அப்ப வலது பக்கம்தான்" என்றாள் அம்மா. "அதைத் திறந்தா தெரிஞ்சிரும். அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்போம்."

அடுத்த ஞாயிறு வரை அம்மா இருக்கவில்லை. இதோ அந்த வலது பக்கம். அவள் மூடியை நெம்பி எடுத்தாள். வளையங்களை வரிசை மாறாமல் துணியில் வைத்தாள். ஹப்பை வெளியே இழுத்து மண்ணெண்ணெயில் கழுவினாள். எங்கேயாவது ஒரு பல் மழுங்கியிருக்கும், ஒரு ஸ்பிரிங் ஒடிந்திருக்கும், அதை ஒரு தட்டில் வைத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று நேற்று மாலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் இத்தனை பிடிவாதமும்.

பற்கள் கூராக இருந்தன. நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது. கிரீஸ்கூட மஞ்சளாகப் புதுசு மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அம்மா செத்ததற்கு நேற்றிலிருந்து வராத அழுகை, ஒரு இரும்புச் சாமான் நன்றாக இருக்கிறது என்பதற்காக வந்தது.

மேலே நிழல் விழுந்தது. பெரியப்பா. பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"என்ன, உடைஞ்சிருக்கா?"

உடைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் அம்மா விபத்துக்குப் பிறகு இந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் எதுவும் உடைந்ததாகச் சொன்னதில்லை.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பெரியப்பா. குரலில் வெற்றி இல்லை, கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது. "கைய கழுவிட்டு உள்ள வா. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த ஹப்பைச் சும்மா திருப்பிக்கொண்டிருந்தாள். நடுவளையத்தை முன்பக்கமாகத் திருப்பினால் உள்ளே பல்லோடு பல் கவ்விக்கொண்டது. எவ்வளவு முறுக்கினாலும் விடவில்லை. பின்பக்கமாகத் திருப்பினாள். டக்கென்று விட்டது. மறுபடி முன்பக்கம், உடனே கவ்வவில்லை. கொஞ்சம் சுற்றிய பிறகுதான் கவ்வியது. பின்பக்கம், டக். இதில் எதுவும் பழுது இல்லை. இதை இப்படித்தான் செய்திருக்கிறார்கள். பின்னால் உருண்டால் விட்டுவிடும்.

"பெரியப்பா, அன்னைக்கு நீங்க லாரியில இறங்கி வந்தீங்க, அம்மா ஏறி வந்தாங்க. யார் ஒதுங்கினது?"

"இது என்ன கேள்வி? நான் ஜல்லி லோடோட வரேன். நான் பின்னாடி ஏற முடியுமா? ஹார்ன் அடிச்சேன். உங்கம்மா நாலடி பின்னாடி எடுத்து ஓரத்துல விட்டா. நான் தாண்டிட்டேன். கண்ணாடியில பாத்தா, மேல ஏற வேண்டிய வண்டி சைடுல சறுக்கிட்டுப் போகுது."

"நாலடி பின்னாடி எடுத்தாங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அது லாரிக்காரருக்குத் தெரியாததல்ல. அவள் அதைச் சொல்லவில்லை. ஹப்பை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்க. முன்னாடி போனா புடிச்சுக்குது. பின்னாடி போனா, கேட்டுதா சத்தம், விட்டுருது. திரும்ப முன்னாடி போனா உடனே புடிக்கல. அதுக்குள்ள பின்சக்கரம் மட்டும் சேத்துல சுத்துச்சுன்னா வண்டி சறுக்கத்தான் செய்யும். பழைய வண்டியில அம்மா நூறு தடவ அந்த மேட்டுல பின்னாடி எடுத்திருப்பாங்க. கையால போட்ட லாக்கு, முன்ன போனாலும் பின்ன போனாலும் விடாது. அந்தப் பழக்கத்துல எடுத்துட்டாங்க. நீங்க ஹார்ன் அடிச்சதால எடுத்தாங்க."

கூட வந்தவர்கள் ஹப்பைப் பார்த்தார்கள், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஹப்பை வாங்கி ஒரு தடவை முன்னும் பின்னும் திருப்பினார். சத்தம் கேட்டது. திருப்பிக் கொடுத்தார்.

"கடையில உக்காந்து பில்லு போட்டா வண்டி ஓட்டத் தெரிஞ்சிருமா?" என்றார். "முப்பது வருஷமா ஸ்டியரிங் புடிக்கிறேன். பின்னாடி எடுத்ததால ஒண்ணும் ஆகல. அவளுக்கு ஓட்டத் தெரியல. செத்தவங்களைப் பத்திப் பேசக் கூடாது, என்னைப் பேச வைக்காத."

அவர் போய்விட்டார். அவள் புது நட்டைக் கையில் எடுத்தாள். ஹப்பை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே பேரிங்கைப் பிடிக்கிற நட்டை மாற்றாமல் விட்டவர்கள் ஒரு மாதத்தில் கடைக்கு வந்து பேரிங் கேட்பார்கள். அப்படி எத்தனை பேருக்கு பில் போட்டிருக்கிறாள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி கைபலத்துக்கு மட்டும் இறுக்கிப் பூட்டு வளையத்தை மடக்கினாள். புது ஹப் உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. கடைசியாக, அச்சின் நுனியில் இருக்கும் பள்ளத்தில் லாக் ரிங் உட்கார வேண்டும். அது உட்காரவில்லை. அச்சு உள்ளே வாங்கியிருந்தது. அம்மா அன்று என்ன செய்யச் சொன்னாள் என்று யோசித்தாள். அச்சின் நுனியில் ஒரு போல்ட்டை முறுக்கி, அதைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அன்று அம்மா இழுத்துப் பிடித்தாள். அதற்கு இன்னொரு கை வேண்டும்.

போல்ட்டை முறுக்கிவிட்டு, ஒரு கையால் இழுத்து ஒரு கையால் மாட்டப் பார்த்தாள். ரிங் தெறித்து ஓடியது. தேடி எடுத்து வந்தாள். மறுபடி தெறித்தது.

யாரோ எதிரே குந்தி உட்கார்ந்தார்கள். அப்பா. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இந்த வண்டியை அவர் இதுவரை துடைத்ததுகூட இல்லை.

"எத இழுக்கணும்?"

"இந்த போல்ட்ட. விடாம புடிக்கணும்ப்பா. கிரீஸ் ஆயிரும்."

அப்பா பிடித்தார். நாற்பது வருஷம் கத்தரி பிடித்த விரல்கள். அச்சு அரை அங்குலம் வெளியே வந்து அப்படியே நின்றது. அவள் ரிங்கை விரித்துப் பள்ளத்தில் இறக்கினாள். உட்கார்ந்துவிட்டது. அப்பா இன்னும் விடவில்லை.

"போதும்ப்பா. விடலாம்."

"ஆஸ்பத்திரியில முதல் நாள் எங்கிட்ட கேட்டா" என்றார் அப்பா, போல்ட்டைப் பார்த்துக்கொண்டே. "நீங்களாவது நம்புறீங்களான்னு. நான், தூங்கு, காலையில பேசிக்கலாம்னு சொன்னேன்."

அவள் மூடியை வைத்து ஆறு போல்ட்டையும் முடுக்கினாள். காலையில் பேசினீர்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அப்பா எழுந்து, கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, உள்ளே போய், வாடகை வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அண்ணனிடம் அவர் ஒரு காரியம் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியப்பா என்னென்னவோ பேசினார். அப்பா அதே வாக்கியத்தை இன்னும் இரண்டு தடவை சொன்னார், சத்தம் கூட்டாமல்.

இரண்டரைக்கு ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் பெட்டியை நாலு பட்டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள், முன்னால் பெரியப்பா. அவள் இறங்கி இடது சக்கரத்துக் குமிழை 'லாக்'கில் திருப்பினாள். சுற்றி வந்து வலதையும் திருப்பினாள். வேலை அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் எவனோ அந்த ஆட்டோ ஹப்பைக் கண்டுபிடித்திருக்கிறான்.

முதல் கியரில் ஏறினாள். சேறு தெறித்தது, வண்டி இழுத்தது. அடிக்கடி ஓட்டியதில்லை, அம்மா பக்கத்தில் இருந்து ஓட்டச் சொல்லிப் பழகியதுதான். நின்றுவிடாமல் மேலே போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. காலையில் இருந்த வீறாப்பெல்லாம் அந்தச் செங்குத்தைப் பார்த்ததும் பாதிக்கு இறங்கிவிட்டது. பின்னால் அம்மா இருக்கிறாள். இன்னொரு முறை சறுக்கினால் அதைவிட அசிங்கம் வேறில்லை.

பாதி ஏற்றத்தில், தடுப்புச் சுவர் இடிந்து கிடக்கும் வளைவில், பக்கத்து இருக்கையிலிருந்து அப்பா சொன்னார்: "நிறுத்தும்மா."

"என்னப்பா?"

"இங்கதான். நிறுத்து."

நிறுத்தினாள். கிளட்சையும் பிரேக்கையும் அழுத்தி மிதித்தபடி இருந்தாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"பின்னாடி எடு" என்றார் அப்பா. "நாலடி."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடி வழியாக நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிவர்ஸ் போட்டாள். கியர் விழுந்த சத்தம் அந்த மேட்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். வண்டி பின்னால் நகரத் தொடங்கியதும் ஆட்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். அப்போதுதான் பெரியப்பாவின் குரல், லாரி ஓட்டி ஓட்டிப் பெருத்த குரல், மேடு முழுக்கக் கேட்டது.

"ஏய்! பின்னாடி எடுக்காத! பின்னாடி எடுத்தா புடிப்பு விட்டுரும்! உங்கம்மா மாதிரியே சறுக்கிரும்!"

ஓர் அடி. இரண்டு. மூன்று. நாலு. பிரேக்கை மிதித்தாள்.

பக்கக் கண்ணாடியில் பெரியப்பா ஓரத்துச் சேற்றில் நின்றிருந்தார், கை இன்னும் தூக்கியபடி. அவரைச் சுற்றி இருந்தவர்கள் வண்டியைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் எட்டியிருக்க வேண்டும். கை தானாகக் கீழே இறங்கியது.

முதல் கியர். கிளட்சை விட்டாள். பின்சக்கரம் ஒரு கணம் வெறுமனே சுற்றியது. முன்சக்கரம் இரண்டும் மண்ணைப் பிடித்து வண்டியை அப்படியே மேலே இழுத்தன. அந்த 'டக்' சத்தம் இல்லை. வளைவு தாண்டியது, இடிந்த சுவர் தாண்டியது. அவள் "அம்மா" என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்பா கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு மடியில் கை வைத்துக்கொண்டார்.

உச்சியில் மேட்டுக் குடியிருப்புக்காரர்கள் காத்திருந்தார்கள். நடந்து இறங்கி வந்து நடந்து ஏறுவது எதற்கென்று மேலேயே நின்றுவிட்டவர்கள். வண்டி வளைவில் நின்றதையும் பின்னால் போனதையும் அங்கிருந்தே பார்த்திருந்தார்கள்; பெரியப்பா போட்ட சத்தமும் கேட்டிருந்தது. இஞ்சினை அணைத்ததும் பின்கதவுப் பக்கம் வந்து, பழக்கதோஷத்தில், வரிசையாக நின்றார்கள். பிறகு அது வரிசை என்று தெரிந்து கலைந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மா முதலில் நின்றிருந்தாள். எப்போதும் முதலில் ஏறுகிறவள், விபத்துக்குப் பிறகு வண்டியில் வராமல் முதலில் நின்றுகொண்டவளும் அவள்தான். சேறு அப்பிய முன்சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வண்டி உண்டா?" என்று கேட்டாள், தாழ்ந்த குரலில்.

"ஆறேகாலுக்கு" என்றாள் அவள். "பேட்டரி கொஞ்சம் வீக்கு. அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆகும்."

அந்த அம்மா தலையை ஆட்டினாள். பட்டைகளை அவிழ்த்தார்கள். பெட்டியைப் பிடிக்க எட்டுக் கைகள் வந்தன, பெரியப்பாவின் ஆட்கள் இன்னும் பாதி மேட்டில் இருந்தார்கள். சமையல்கார அம்மா ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா இறக்குங்க" என்றாள். "இடுப்புல அடிபட்டவங்க."